முகம் தெரியாதவரிடம் காரைக் காட்டுவது எப்படி?

“வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகுது. என்ன பிரச்சனையா இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

கார் வைத்திருப்பவர்கள் கூடும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் இப்படி ஒரு கேள்வி வராத நாளே இல்லை. அதற்குக் கீழே பதில்களும் குவிந்திருக்கும். ஒருவர் ஃபியூல் பம்ப் என்பார், அடுத்தவர் கிராங்க் சென்சார் என்பார், மூன்றாமவர் பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்பார், இன்னொருவர் வண்டியையே விற்றுவிடச் சொல்வார். கேட்டவர் குழம்பிப்போவார். கடைசியில் எந்தப் பாகத்தின் பெயர் அதிகம் அடிபட்டதோ அதை வாங்கி மாட்டுவார். பணம் போகும், வண்டி மறுபடியும் நடுரோட்டில் நிற்கும்.

பதில் எழுதியவர்கள் விஷயம் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. பல வருடம் பட்டறையில் கைவைத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஆனால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தகவல் அந்த ஒரு வரிதான். காருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் கவனித்துச் சொல்வதைத் தாண்டி அவர்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முன்பின் தெரியாதவரிடம் “எதை மாற்றணும்?” என்று கேட்காதீர்கள். “அடுத்து எதைச் சோதிக்கணும்?” என்று கேளுங்கள். கேள்வியை இப்படி மாற்றினாலே வரும் பதில்களின் தரம் மாறிவிடும்.

முதலில், இது காத்திருக்கக்கூடிய பிரச்சனையா?

சில கோளாறுகளை எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. பிரேக் பெடல் தரைவரை இறங்குகிறது, ஸ்டியரிங் இறுகிக்கொள்கிறது, காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது, வயர் கருகும் நாற்றம் அடிக்கிறது, சிஎன்ஜி கசிகிற மாதிரி இருக்கிறது என்றால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சிஎன்ஜி சிலிண்டரில் கேஸ் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதை யார் சொல்லியும் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். ஏர்பேக் வயரிங்குக்கும், மின்சார கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் இருக்கும் ஆரஞ்சு நிற கேபிள்களுக்கும் இதே விதிதான்.

டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் விளக்குகள் ‘உடனே நில்’ வகை. ஆயில் கேன் படம் சிவப்பில் எரிந்தால் என்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். பக்கத்துத் தெரு வரைக்கும்கூட ஓட்டாமல் அணைத்துவிட வேண்டும். வெப்பநிலை விளக்கு சிவப்பில் எரிந்தாலும் அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

மஞ்சள் நிற ‘செக் என்ஜின்’ விளக்கு நிலையாக எரிந்தால் பொதுவாக மெதுவாக வீடு போய்ச் சேரலாம், சாவகாசமாகக் கேட்கலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. என்ஜின் கடுமையாக மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கிறது. அதன் விலை தெரிந்தவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் அடுக்குமாடி பேஸ்மென்ட்டுகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீரில் நின்ற காரை ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்’ என்று சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வரும் என்ஜின் சேதத்தை, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுக்காத பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. முதல் போன் இன்ஷூரன்ஸுக்குப் போகட்டும். வாரன்ட்டி இருக்கும் காராக இருந்தாலும் அப்படித்தான்: முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர், புகார் ஜாப் கார்டில் எழுத்தில் ஏற வேண்டும், மற்ற ஆலோசனையெல்லாம் அப்புறம்.

வண்டி எது என்று முழுதாகச் சொல்லுங்கள்

‘ஸ்விஃப்ட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தியாவில் 2005இல் வந்த ஸ்விஃப்ட்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் இருந்தது. 2010இல் 1.2 லிட்டர் கே சீரிஸ் வந்தது. நடுவில் 1.3 டீசல். 2024இல் வந்தது மூன்று சிலிண்டர் என்ஜின். ஒரே பெயர், உள்ளே வேறு வேறு இயந்திரங்கள். மாறாக, அந்த 1.3 டீசல் ஃபியட் வடிவமைத்தது. ஃபியட் புன்டோவிலும் டாடா விஸ்டாவிலும் அதே குடும்பத்து என்ஜின்தான். ஆக, உங்கள் ஸ்விஃப்ட் டீசல் சந்தேகத்துக்குப் புன்டோ வைத்திருப்பவர் சொல்லும் பதில், ஸ்விஃப்ட் பெட்ரோல்காரர் சொல்வதைவிடப் பொருத்தமாக இருக்க வாய்ப்புண்டு. என்ஜினைச் சொன்னால்தான் அப்படிப்பட்டவர் கண்ணில் உங்கள் கேள்வி படும்.

எனவே மாடல், தயாரித்த வருடம் (பதிவு செய்த வருடம் வேறாக இருக்கலாம்), பெட்ரோலா டீசலா, பிஎஸ்4ஆ பிஎஸ்6ஆ, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் முதல் வரியிலேயே கொடுங்கள். இலங்கையில் ஜப்பான் இறக்குமதிக் கார் வைத்திருப்பவர்கள் வண்டியின் பெயரோடு சேசிஸ் கோடையும் எழுத வேண்டும். விட்ஸ் என்பதைவிட கேஎஸ்பி90 என்றாலோ, அக்வா என்பதோடு என்எச்பி10 என்றாலோ தெரிந்தவருக்கு எந்தத் தலைமுறை, எந்த என்ஜின் என்று உடனே பிடிபடும்.

பலர் எழுதாமல் விடுவதும், நான் எப்போதும் முதலில் திருப்பிக் கேட்பதும் ஒன்று உண்டு: கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? சர்வீஸ் முடிந்து வந்த வாரத்தில் ஆரம்பித்த தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் அந்த சர்வீஸ் தொட்ட இடத்திலேயே இருக்கும். ஏர் ஃபில்டர் மாற்றியவர் ஹோஸ் கிளிப்பைச் சரியாக முடுக்காமல் விட்டிருப்பார், என்ஜின் ஐட்லிங்கில் தடுமாறும். புது மியூசிக் சிஸ்டம், ரிமோட் லாக், கூடுதல் ஹார்ன், வெளியில் போட்ட கேஸ் கிட், பழைய விபத்து, வெள்ளத்தில் நின்றது என்று வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வயரை வெட்டி ஒட்டிய இடங்கள் பல வருடம் கழித்தும் வேலையைக் காட்டும்.

நடந்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல

“ஃபியூல் பம்ப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன், விலை என்ன?” என்று கேட்டால் விலைதான் கிடைக்கும். வண்டி என்ன செய்கிறது என்று எழுதினால்தான் நோய் தெரியும்.

‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு பிரச்சனைகள் ஒளிந்திருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து செல்ஃப் சுற்றவே இல்லை என்பது ஒன்று. அங்கே ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் சொலினாய்டு, பேட்டரி டெர்மினல் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ‘டிக்டிக்டிக்டிக்’ என்று வேகமாகக் கேட்டாலோ, செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருள், ஸ்பார்க், சென்சார் பக்கம் போக வேண்டும். இந்த மூன்றில் எது என்று சொல்லாதவருக்கு மூன்றுக்குமான பதில்கள் கலந்து வரும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்கும் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.3லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று சந்தேகப்படலாம், புது பேட்டரி வாங்கியும் பயனிருக்காது. புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே குறைத்துக் கூட்டும். அதனால் ஹெட்லைட், ஏசி போட்டும் ஒரு முறை அளந்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். இந்த எண்கள் உங்கள் கேள்வியில் இருந்தால் பாதிப் பதில்கள் வரவே தேவையிருக்காது.

மற்ற புகார்களுக்கும் இப்படித்தான். ‘பிக்கப் இல்லை’ என்றால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி வேகம் மட்டும் ஏறவில்லையா, ஆர்பிஎம்மே ஏறவில்லையா? முதலாவது கிளட்ச் நழுவுவதன் அறிகுறி, இரண்டாவது என்ஜின் சம்பந்தப்பட்டது. ‘ஹீட் ஆகுது’ என்றால் எப்போது? டிராஃபிக்கில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஹைவேயில் வேகமாகப் போகும்போது ஏறினால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் என்று பட்டியல் வேறு. ‘புகை வருது’ என்றால் நிறம் முக்கியம். நீலம் ஆயில் எரிவது, கறுப்பு எரிபொருள் மிகுதி, வண்டி சூடேறிய பிறகும் அடர்த்தியாக வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போவதாக இருக்கலாம். ‘மைலேஜ் இல்லை’ என்பவர்கள் டேங்க்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பிக் கணக்குப் போட்ட பிறகு பேசலாம்.

சத்தம்: இதற்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள்

எழுத்தில் சொல்ல மிகக் கடினமானது சத்தம்தான். ‘கடகட’, ‘கொர்ர்’, ‘டொக் டொக்’, ‘கீச்’ என்று தமிழில் நமக்கு வளமான ஒலிக்குறிப்புகள் இருக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவற்றைவிட உதவுவது, எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்ற தகவல்.

முதல் கேள்வி, சத்தம் என்ஜின் வேகத்தோடு போகிறதா, வண்டி வேகத்தோடு போகிறதா? நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் செய்தால் கேட்டால் என்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால், கூட்டமில்லாத சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் கிளட்சை மிதித்துச் சில நொடி நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். என்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். ஆர்பிஎம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் டயர், வீல் பேரிங் பக்கம் தேட வேண்டும். வேகத்தோடு கூடும் ‘கொர்ர்’ சத்தம், ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் திருப்பும்போது கூடி மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் வீல் பேரிங் மீது சந்தேகம் பலமாகிறது.

முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சில் முனையில் உள்ள சிவி ஜாயின்ட். சின்னச் சின்னப் பள்ளங்களில் ‘டொக்’ என்றால் லிங்க் ராட், புஷ், பால் ஜாயின்ட் என்று பார்த்துக்கொண்டே போகலாம். நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, மிதித்தால் மறைகிறதா என்பதும் பெரிய தடயம்: வந்தால் ரிலீஸ் பேரிங், மறைந்தால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங். ஏசி போட்டால் மாறுகிறதா, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கீச்சென்று கத்தி அடங்குகிறதா, பிரேக் தொட்டால் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுக்கும்போது பாட்டு, ஏசி ஃபேன், பேச்சு எல்லாம் நிற்கட்டும். முப்பது நொடி போதும். “இப்போ கிளட்ச் மிதிக்கிறேன், இப்போ விடுறேன்” என்று நீங்கள் செய்வதை மட்டும் சொல்லிக்கொண்டே எடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பிடிக்காமல் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எடுங்கள். பானட்டைத் திறந்து எடுப்பவர்கள் துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் என்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

கசிவுக்கு வழி எளிது. இரவு காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் கறையின் இடம், நிறம், வழவழப்பு மூன்றையும் படத்தோடு எழுதுங்கள். பயணி பக்கம் சொட்டும் வெறும் தண்ணீர் ஏசி நீர்தான், பயப்பட வேண்டாம். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் போல ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

ஸ்கேன் கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் வந்த கார்களில் ஓபிடி-2 என்ற கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஓர் ஆப் போட்டால் என்ஜின் கோடுகளை (கோளாறைக் குறிக்கும் எண்களை) நீங்களே படிக்கலாம். மிக மலிவான அடாப்டர்கள் சில வண்டிகளோடு பேசாது. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் இந்த ஆப்களில் பெரும்பாலும் வராது. அவ்வளவுதான் இதன் எல்லை.

கோடை எழுதும்போது முழு எண்ணையும் எழுதுங்கள். அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கோளாறு பதிவான நொடியில் என்ஜின் வேகம், சூடு, வண்டியின் வேகம் என்ன என்ற விவரமும் அதனோடு சேமிக்கப்பட்டிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். ‘பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுங்க, லைட் போயிடும்’ என்ற ஆலோசனையை இதனால்தான் நான் எதிர்க்கிறேன். விளக்கு அணையும், தடயமும் சேர்ந்து அணையும்.

கோடு என்பது தீர்ப்பு அல்ல. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாக இருக்கிறது என்றுதான் பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எங்கோ ஹோஸ் கிழிந்து காற்று உள்ளே போகலாம், பெட்ரோல் அழுத்தம் குறையலாம். பி0420 என்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று சொல்லும் கோடு; அது வந்தவுடன் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவரை உடனே நம்ப வேண்டாம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அது காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று கோடு சொல்லாது. ஆனால் செலவில்லாத சோதனை இருக்கிறது. சிலிண்டருக்குத் தனித்தனிக் காயில் உள்ள என்ஜினில், ஆறிய பிறகு, இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயிலுக்குப் போக இருந்த பணம் மிச்சம். நல்ல ஆலோசனை இந்த வடிவத்தில்தான் வரும்.

ஒரு மாதிரிக் கேள்வி

தொடக்கத்தில் பார்த்த அந்த ஒரு வரிக் கேள்வியையே இப்படி எழுதிப் பார்ப்போம். இது நான் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது.

“மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், 2013, 1.2 லிட்டர், மேனுவல், 92,000 கி.மீ., கேஸ் கிட் இல்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, மெதுவாகப் போகும்போது என்ஜின் சட்டென்று அணைகிறது. தடுமாறி அணையவில்லை, சாவியைத் திருப்பி அணைத்தது போல. அப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. சாவி போட்டால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. காலையில் தொல்லை இல்லை. டெம்பரேச்சர் எச்சரிக்கை வரவில்லை. ஸ்கேனில் பி0335 இருக்கிறது, அழிக்கவில்லை. போன மாதம் ஸ்பார்க் பிளக் மாற்றினேன், வித்தியாசமில்லை. பேட்டரி புதிது. கையில் மல்டிமீட்டர் இருக்கிறது, ஜாக் ஸ்டாண்ட் இல்லை. கிராங்க் சென்சாரை மாற்றும் முன் அதன் வயரையும் கனெக்டரையும் எப்படிச் சோதிப்பது? வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?”

இதைப் படிப்பவர் பேட்டரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார். பம்ப் ஓடுகிறது என்பதால் அதைப் பின்னால் தள்ளுவார். சூட்டில் கெட்டு, ஆறினால் சரியாகும் கிராங்க் சென்சாருக்கு (என்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார், பி0335 அதன் சர்க்யூட்டைக் குறிக்கும் கோடு) எல்லா அடையாளமும் பொருந்துவதைப் பார்ப்பார். இருந்தாலும் அதே கோடு வயர் உரசல், கனெக்டர் துரு போன்றவற்றாலும் வரும் என்பதால் அதைச் சோதிக்கும் முறையைச் சொல்வார். “அணைந்த நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆப்பில் ஆர்பிஎம் எண் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்” என்றும் கேட்கலாம். கடைசியில் உங்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று சொன்னதால், உங்களால் செய்ய முடியாத வேலையை எழுத மாட்டார். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகச் சொல்லும் ஆலோசனையை யார் சொன்னாலும் ஒதுக்கிவிடுங்கள். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான்.

படங்கள் போடும் முன் நம்பர் பிளேட்டையும் ஃபாஸ்டாக் ஸ்டிக்கரையும் மறைத்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகம், பாலிசி, பதினேழு எழுத்து சேசிஸ் நம்பர் இவற்றைப் பொதுவில் போட வேண்டியதில்லை. பாகம் சரிபார்க்க யாராவது சேசிஸ் நம்பர் கேட்டால் அதைக் கடைக்காரரிடம் நேரில் கொடுத்தால் போதும். வெளிநாட்டு ஆட்களிடம் கேட்பவர்கள் ‘டிரைவர் பக்கம்’ என்று எழுதாமல் ‘உள்ளே உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வலப்பக்கம்’ என்று எழுதினால் குழப்பம் வராது. பல நாடுகளில் டிரைவர் இடப்பக்கம் இருப்பார்.

வந்த பதில்களில் எதை எடுப்பது?

உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்பவரை மதியுங்கள். நான் பார்த்தவரை, விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்பட்டுப் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. “எனக்கும் இப்படித்தான் இருந்தது, இதை மாற்றினேன், சரியாயிடுச்சு” என்பது அவர் வண்டியைப் பற்றிய உண்மை. உங்கள் வண்டிக்கு அது ஒரு குறிப்பு மட்டுமே. ஏன் அப்படி நினைக்கிறார், அது சரியா என்று எப்படி உறுதி செய்வது என்று கேளுங்கள். விளக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு எல்லாச் சோதனைகளையும் வரிசைப்படுத்துங்கள்: செலவில்லாதது, கழற்றினால் பழையபடி மாட்ட முடிவது முதலில். என்ஜினைப் பிரிப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது மருந்து என்று தெரியாமலே போகும்.

நம் ஊரில் தலைமுறையாகச் சுற்றிவரும் ஓர் ஆலோசனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். “நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழற்றி எறிங்க.” கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்போது திறந்து, என்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேறவே நேரமாகும். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும், தேய்மானம் கூடும், பி0128 கோடு வந்து விளக்கும் எரியும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் மாற்ற வேண்டும், எறியக் கூடாது. கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான், உப்பும் துருவும் ரேடியேட்டரை அடைத்துவிடும். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தால் அந்த ஃபில்டரையே வெட்டி எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். கையேட்டில் சொன்னபடி ஹைவேயில் கால்மணி நேரத்துக்கு மேல் சீராக ஓட்டினாலே பல நேரம் புகைக்கரி எரிந்து விளக்கு அணைந்துவிடும்.

பேச்சு எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே நடக்கட்டும். தனியே மெசேஜ் அனுப்பி, “என்கிட்ட பழைய ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) இருக்கு, அட்வான்ஸ் போடுங்க” என்பவரை விட்டுவிடுங்கள். பொதுவில் ஒருவர் தவறாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார், தனிப் பேச்சில் அந்தக் காவல் இல்லை. பழைய பாகம்தான் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் நேரில் பார்த்து வாங்கலாம். கண்ணாடி, கதவு, லைட் போன்றவற்றுக்கு அது சரி. பிரேக் பாகங்களையும் ஏர்பேக்கையும் பழசாக வாங்கக் கூடாது.

பட்டறையில் பேசும் விதம்

சேகரித்த ஆலோசனையோடு மெக்கானிக்கிடம் போகும்போது, “நெட்டில் இப்படிச் சொல்றாங்க, இதை மாத்துங்க” என்று ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். அவர் தொழிலை நாம் மதிக்க வேண்டும். மாதிரிக் கேள்வியில் எழுதிய அதே அறிகுறிகளை அவரிடமும் அதே வரிசையில் சொல்லுங்கள். அப்புறம், “அண்ணே, கிராங்க் சென்சார் கனெக்டரையும் ஒரு தடவை பார்த்துடலாமா?” என்று கேளுங்கள். வண்டியைத் தொடும் முன் ஸ்கேன் செய்து கோடுகளைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஆகாது’ என்று அவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கையில் வண்டியைப் பார்த்தவர் அவர்.

வேலை முடிந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் பலர் மறந்துவிடும் படி ஒன்று பாக்கி இருக்கிறது. கேட்ட இடத்துக்கே திரும்பி வந்து முடிவை எழுதுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதினால் இன்னும் நல்லது. எந்தப் பாகம், அதன் பார்ட் நம்பர், எவ்வளவு ஆனது, எந்தச் சோதனையில் உறுதியானது, எந்த ஆலோசனை பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். சரியாகவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே 1.2 லிட்டர் என்ஜினோடு, அதே பி0335 கோடோடு ஒருவர் தேடிக்கொண்டு வருவார். அவருக்கு உங்கள் பதிவில் கடைசி வரி இருக்க வேண்டும்.